நதிக்கும் ஒரு தேதி வேண்டும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள பதினொரு மாநிலங்களின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமானது. தேசிய வனங்கள், தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், மேய்ச்சல் வெளிகள் எனப் பல பெயர்களில் அது பரந்து கிடக்கிறது. ராக்கி மலைகளிலும் சியரா நெவாடாவிலும் குளிர்காலம் முழுக்கச் சேரும் பனி, வசந்தத்தில் உருகி ஓடைகளாக இறங்குவது பெரும்பாலும் இந்தப் பொது நிலங்களின் வழியாகத்தான். ஆனாலும் நிலத்தின் உரிமையாளரான அரசு, தன் நிலத்தில் ஓடும் ஓடையில் தண்ணீர் வற்றாமல் ஓட வேண்டும் என்று சட்டப்படி கேட்க முடியுமா என்றால், பல இடங்களில் முடியாது. அங்கே நிலமும் நீரும் தனித்தனிச் சொத்துகள். மண்ணும் மரமும் பாறையும் மக்களின் பொதுச் சொத்தாக இருக்க, அவற்றுக்கு உயிர் கொடுக்கும் ஓட்டம் வேறு யாருடைய பெயரிலோ பதிவாகியிருக்கும். இந்த முரண்பாட்டை நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கையாண்டு வந்த விதத்திலிருந்து ஒரு பாடம் தெளிவாகக் கிடைக்கிறது. நதியில் தண்ணீரை விட்டுவைக்கும் உரிமையும், மற்ற நீருரிமைகளைப் போலவே, நோக்கம், தேதி, அளவு ஆகிய மூன்றோடும் எழுதப்பட்டால்தான் நிலைக்கும். அந்தத் தேதி பழையதாக இருக்க வேண்டும். பழைய தேதியைத் தரக்கூடியது கூட்டாட்சிச் சட்டம் மட்டுமே.

தேதிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதற்கு மேற்கின் நீர்ச் சட்டம் பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த கிழக்கு மாநிலங்களில் நதிக்கரையில் நிலம் வைத்திருப்பவருக்கே நீரில் உரிமை. கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்க முகாம்களில் இந்தக் கரையோர உரிமை உதவவில்லை. சுரங்கக்காரர்கள் தோண்டிய நிலம் அவர்களுடையதே அல்ல. பொது நிலத்தில், நதியிலிருந்து வெகு தொலைவில், வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்ற முகாம் வழக்கத்தை அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1855இல் ஏற்றுக்கொண்டது. கொலராடோவில் 1882இல் லெஃப்ட் ஹேண்ட் வாய்க்கால் நிறுவனத்தின் வழக்கு வந்தபோது, ஒரு ஓடையின் நீரை வேறொரு ஓடையின் படுகைக்குத் திருப்பியவரின் முந்திய உரிமையே, கரையில் பின்னால் வந்து பயிர் செய்தவரின் கோரிக்கையைவிட வலியது என்று தீர்ப்பானது. விதி எளிமையானது. நீரை நதியிலிருந்து வெளியே எடு. பயனுள்ள வேலைக்குச் செலவிடு. எடுத்த நாள் உன் முன்னுரிமைத் தேதி ஆகும். வறட்சி வரும்போது கடைசித் தேதிக்காரர் முதலில் மதகை மூட வேண்டும். மூத்த உரிமைக்காரர் தன் பங்கு முழுவதையும் எடுத்த பிறகே இளையவருக்கு ஒரு சொட்டாவது கிடைக்கும். பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும்.

இந்த விதி பாலைவனத்தில் பயிரும் நகரமும் வளர வழிசெய்தது உண்மை. முதலீடு செய்தவருக்கு அது உறுதியைக் கொடுத்தது. ஆனால் அந்த வரிசையில் நதிக்கு இடமே வைக்கப்படவில்லை. நீரை வெளியே எடுத்தால்தான் உரிமை பிறக்கும் என்னும்போது, உள்ளேயே ஓடும் நீர் யாருக்கும் சொந்தமில்லாத மிச்சமாகிவிடுகிறது. அதை அடுத்து வருபவர் எடுத்துக்கொள்ளலாம். நதியின் கடைசி நீர் எடுக்கப்படும்வரை இந்த ஏற்பாட்டில் எவரும் விதிமீறியவர் ஆகமாட்டார். மேற்கின் பல ஓடைகள் கோடையில் வெறும் கல்லும் மணலுமாகக் கிடப்பதற்குச் சட்டமீறல் காரணமல்ல. சட்டம் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதே காரணம்.

இதற்கு மாற்றாக ஒரு கோட்பாடு 1908இல் பிறந்தது. மொன்டானாவின் மில்க் நதிக்கரையில் இருந்த ஃபோர்ட் பெல்நாப் பழங்குடி ஒதுக்கிடம் 1888இல் காங்கிரஸ் உறுதிசெய்த உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டது. குரோ வான்டர், அசினிபோயின் மக்கள் தங்களிடமிருந்த பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்து, சுருங்கிய நிலத்தில் வேளாண்மை செய்து வாழ இசைந்தார்கள். அந்த உடன்படிக்கையில் தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேல்பகுதியில் குடியேறியவர்கள் நதியைத் திருப்பியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வறண்ட நிலத்தை வேளாண்மைக்கென்று ஒதுக்கிவிட்டு, அதை விளைவிக்கும் நீரை ஒதுக்காமல் விட்டிருக்க முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வின்டர்ஸ் வழக்கு என்று அறியப்படும் இத்தீர்ப்பின் புதுமை தேதியில் இருக்கிறது. நிலம் ஒதுக்கப்பட்ட நாளே நீருரிமையின் தேதி. அதுவரை நீரை எடுத்தார்களா, வாய்க்கால் வெட்டினார்களா என்பது பொருட்டல்ல. பயன்படுத்தாவிட்டாலும் உரிமை அழியாது. பழங்குடிகளுக்காகப் பிறந்த இந்தக் கோட்பாட்டை, 1963இல் அரிசோனாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையிலான கொலராடோ நதி வழக்கில், தேசிய வனம், வனவிலங்குச் சரணாலயம், பொழுதுபோக்குப் பகுதி ஆகியவற்றுக்கும் உச்ச நீதிமன்றம் விரித்தது.

கோட்பாட்டின் வலிமை முழுமையாக வெளிப்பட்டது நெவாடாவின் டெவில்ஸ் ஹோல் என்ற சுண்ணாம்புக் குகைக் குளத்தில். அதில் ஒரு அங்குலத்துக்கும் குறைந்த நீளமுள்ள ஒரு வகை மீன் வாழ்கிறது. உலகில் அதற்கு இயற்கையான வாழிடம் வேறெதுவும் இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு பாறைத் திட்டில்தான் அது முட்டையிடுகிறது. 1952இல் ஜனாதிபதி ட்ரூமன் அந்த இடத்தை மரணப் பள்ளத்தாக்கு தேசிய நினைவுச் சின்னத்தோடு சேர்த்தபோது, குளத்தையும் மீனையும் தன் பிரகடனத்தில் குறிப்பிட்டார். 1968இல் அருகிலிருந்த ஒரு பண்ணை ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்கத் தொடங்கியது. குளத்தின் மட்டம் இறங்கிப் பாறைத் திட்டு வெளியே தெரிந்தது. 1976இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் குளத்தின் பக்கம் நின்றது. நிலத்தடியில் இறைத்தாலும் ஒதுக்கிய நீரைக் குறைப்பது குறைப்பதுதான். 1952ஆம் ஆண்டின் உரிமை 1968ஆம் ஆண்டின் கிணற்றை முந்துகிறது. அதே தீர்ப்பு ஒரு வரம்பையும் விதித்தது. நோக்கம் நிறைவேறத் தேவையான குறைந்தபட்ச நீர் மட்டுமே ஒதுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இங்கே கவனிக்க வேண்டியது, பிரகடனம் தண்ணீரின் அளவைச் சொல்லவில்லை, ஆனால் நோக்கத்தைக் கூர்மையாகச் சொன்னது என்பதே. குளமும் மீனும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்ததால், நீர் இல்லாமல் அந்த ஒதுக்கீட்டுக்குப் பொருளே இல்லை என்று வாதிடுவது எளிதாயிற்று.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. நியூ மெக்சிகோவின் ஹீலா தேசிய வனத்தில் மிம்ப்ரெஸ் ஆற்றின் ஓட்டத்தைக் காக்க அரசு கோரிய உரிமையை 1978இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மறுத்தது. தேசிய வனங்களை நிர்வகிக்க 1897இல் இயற்றப்பட்ட சட்டம் இரண்டு நோக்கங்களைச் சொல்கிறது: நீரோட்டத்துக்குச் சாதகமான நிலைமைகளைப் பேணுவது, நாட்டுக்குத் தொடர்ந்து மரம் கிடைக்கச் செய்வது. மீனும் விலங்கும் பொழுதுபோக்கும் 1960ஆம் ஆண்டின் பல்பயன் சட்டத்தில்தான் சேர்க்கப்பட்டன. அவை இரண்டாம்நிலை நோக்கங்கள். முதன்மை நோக்கத்துக்கு மட்டுமே மறைமுகமாக நீர் ஒதுக்கப்பட்டதாகக் கொள்ளலாம்; மற்றவற்றுக்கு அரசும் எல்லோரையும்போல மாநிலச் சட்டப்படி விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எதிர்த்து எழுதிய நீதிபதி பவல், காடு என்றால் மரங்கள் மட்டுமல்ல, அதில் வாழும் உயிர்களும் சேர்ந்ததே என்று வாதிட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பின் கவலை வேறாக இருந்தது: முழுதும் பங்கிடப்பட்ட நதியில் கூட்டாட்சி அரசு பெறும் ஒவ்வொரு அளவும் பிறரிடமிருந்து கழிக்கப்படும் என்பது.

அந்தக் கவலையை நதியின் போக்கோடு வைத்துப் பார்த்தால் அது முழுமையாகப் பொருந்தவில்லை. தேசிய வனங்கள் பெரும்பாலும் மலையுச்சிகளில், நதி பிறக்கும் இடத்தில் இருக்கின்றன. வனத்துக்குள் ஓடும் நீரை அங்கேயே ஓடவிட வேண்டும் என்ற உரிமை நீரைச் செலவழிப்பதில்லை. வனத்தின் எல்லையைத் தாண்டியதும் அதே நீர் கீழே உள்ள விவசாயிக்கும் ஊருக்கும் போய்ச் சேருகிறது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் விரும்பியதும் இதைத்தான். இத்தகைய உரிமை உண்மையில் தடுப்பது, வனத்துக்குள்ளேயே நீரைத் திருப்பி மலையைக் குடைந்து வேறொரு படுகைக்குக் கொண்டுபோக நினைக்கும் புதிய திட்டங்களையும், வனத்துக்குள் எழும் புதிய அணைகளையும்தான். ஆகவே இந்தச் சண்டையில் எதிரெதிரே நிற்பவை மீனும் பயிரும் என்பது பாதி உண்மை. பல இடங்களில் நதியின் உரிமையும் கீழ்ப்பாசனக்காரரின் உரிமையும் ஒரே பக்கம் நிற்கின்றன.

1978க்குப் பிறகு வன நிர்வாகம் மிச்சமிருந்த வாசலைத் தட்டிப் பார்த்தது. நீரோட்டத்துக்குச் சாதகமான நிலைமைகள் என்றால், ஓடைப்படுகை அடைபடாமல் இருப்பதும் அதில் அடங்கும் என்பது வாதம். மலையோடை தன் படுகையைத் தானே பராமரித்துக்கொள்கிறது. ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கரை நிரம்ப வரும் வெள்ளம் மணலையும் சரளையையும் நகர்த்தி, கரையிலிருந்து இறங்கி வரும் புதர்களை அகற்றுகிறது. அந்த வெள்ளத்தை நிறுத்திவிட்டால் படுகை குறுகி மேடிடும். நீரைக் கொண்டுசெல்லும் திறனே குறையும். கொலராடோ உச்ச நீதிமன்றம் 1987இல் இந்த வாதத்தைக் கேட்க இடம் கொடுத்தது. ஆனால் அந்த மாநிலத்தின் சவுத் பிளாட் படுகை வழக்கில் நீண்ட விசாரணைக்குப் பிறகு 1993இல் நீர் நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. கேட்ட அளவு தேவைதான் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. ஆற்றியல் சரியாக இருந்தும், நூறாண்டுப் பழைய வாசகம் ஒன்றின் பொருளை விரித்து அளவைப் பெறும் முயற்சி தோற்றது.

வாசகம் எவ்வளவு தீர்மானமானது என்பதை ஐடஹோ இன்னும் கூர்மையாகக் காட்டியது. ஸ்னேக் நதிப் படுகையின் உரிமைகள் அனைத்தையும் ஒரே வழக்கில் தீர்மானிக்கும் பணி அங்கே 1987இல் தொடங்கி 2014இல் முடிந்தது. 1,58,000க்கும் அதிகமான உரிமைகள் அதில் தீர்மானிக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டின் வனாந்தரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்ட பகுதிகளுக்கு நீருரிமை உண்டா என்ற கேள்வி அதில் எழுந்தது. மனிதக் கை படாமல் வைத்திருக்க வேண்டிய நிலத்துக்கு இயற்கையான நீரோட்டம் தேவை என்பது பொதுப்புத்திக்கே புரியும். ஆனால் அந்தச் சட்டம், மாநில நீர்ச் சட்டத்திலிருந்து விலக்குக் கோரவும் இல்லை, விலக்கை மறுக்கவும் இல்லை என்று இரு பக்கமும் சாயாமல் எழுதப்பட்டிருந்தது. ஐடஹோ உச்ச நீதிமன்றம் முதலில் 1999இல் 3-2 என்ற கணக்கில் உரிமை உண்டு என்றது. மறுவிசாரணைக்குப் பின் 2000 அக்டோபரில் அதே 3-2 கணக்கில் இல்லை என்றது. ஆனால் இயற்கை எழில் நதிகளுக்கான 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்ட நதிகளுக்கு நீருரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் ஏற்றது. காரணம், அந்தச் சட்டம் தன் நோக்கங்களுக்குத் தேவைப்படும் அளவுக்கு நீர் ஒதுக்கப்படுவதை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. மாநிலம் ஒன்று, நீதிமன்றம் ஒன்று. முடிவைப் பிரித்தது சட்டத்தில் இருந்த ஒரு பிரிவு. காங்கிரஸும் இதைப் புரிந்துகொண்டது. 1989இல் நெவாடாவிலும் 1990இல் அரிசோனாவிலும் வனாந்தரப் பகுதிகளை அறிவித்தபோது நீரை வெளிப்படையாக ஒதுக்கியது. 1993இல் கொலராடோவில் அதே வகை நிலங்களை அறிவித்தபோது நீருரிமை இல்லை என்று வெளிப்படையாக எழுதி, அந்தப் பகுதிக்குள் புதிய நீர்த்திட்டங்களைத் தடைசெய்தது.

இந்தக் கொலராடோ வழியே போதாதா என்று ஒரு தரப்பு கேட்கிறது. நிலம் அரசுடையது; அணை கட்டவும் குழாய் பதிக்கவும் அனுமதி மறுத்தால் ஓடை தானாகவே பிழைக்கும்; நீருரிமைச் சண்டை எதற்கு? நதியின் பிறப்பிடத்துக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் அனுமதி என்பது நிர்வாகத்தின் விருப்புரிமை. ஆட்சி மாறினால் அதுவும் மாறக்கூடும். இன்னும் பெரிய குறை, காக்கவேண்டிய நிலம் நதியின் கீழ்ப்பகுதியில் இருக்கும்போது இந்தக் கருவி கைகொடுக்காது என்பது. டெவில்ஸ் ஹோலின் நீரை இறைத்த கிணறுகள் பூங்காவுக்கு வெளியே இருந்தன. யூட்டாவின் ஜயான் பூங்காவைச் செதுக்கும் வர்ஜின் நதியின் கிளைகள் பூங்காவுக்கு மேலே தனியார் நிலங்களிலும் ஓடுகின்றன. அங்கெல்லாம் நீருரிமைதான் ஒரே காவல்.

இன்னொரு தரப்பு, நீர் மாநிலங்களின் விஷயம், மாநிலங்களே இப்போது ஓடைநீர்ப் பாதுகாப்புத் திட்டங்களை வைத்திருக்கின்றன, அவற்றையே பயன்படுத்தலாம் என்கிறது. இது வலுவான வாதம். மதிப்போடு பதில் சொல்ல வேண்டியது. கொலராடோ 1973லேயே, நீரை வெளியே எடுக்காமலும் உரிமை பெறலாம் என்று சட்டத்தை மாற்றியது. மாநில நீர்ப் பாதுகாப்பு வாரியத்தின் பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓடைப்பகுதிகளுக்கு இன்று அத்தகைய உரிமை இருக்கிறது. ஓரெகனும் 1987இல் ஓடைநீருக்குச் சட்டப்பூர்வ உரிமை கொடுத்தது. இவை உண்மையான சாதனைகள். ஆனாலும் 1973இல் வரிசையில் சேர்ந்தவருக்கு 1880களின் வாய்க்காலுக்கு முன்னால் இடமில்லை. வறட்சியில், அதாவது மீனுக்கு நீர் மிகவும் தேவைப்படும் மாதத்தில், இந்த இளைய உரிமைகளே முதலில் பொருளற்றுப் போகின்றன. கூட்டாட்சி ஒதுக்கீடோ நிலம் ஒதுக்கப்பட்ட ஆண்டின் தேதியைத் தருகிறது. கிளமத் பழங்குடியினரின் மீன்பிடி உரிமையை 1983இல் ஆராய்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கும் அப்பால் போய், அவர்களுடைய ஓடைநீர் உரிமை நினைவுக்கெட்டாத காலத்திலிருந்து தொடர்வது என்றது. அது நீரை எடுக்கும் உரிமை அல்ல, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஓடையைப் பிறர் குறைக்காமல் தடுக்கும் உரிமை என்றும் விளக்கியது.

பழைய தேதியின் வலிமையும் சமரசத்தின் பயனும் ஒன்றுசேர்ந்ததைக் கொலராடோவின் கன்னிசன் நதியில் காணலாம். அந்த நதி ஓடும், இரண்டாயிரம் அடிக்கும் மேல் ஆழமான கருங்கணவாய் 1933 மார்ச் 2இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1999இல் தேசியப் பூங்காவாயிற்று. 1960களிலும் 70களிலும் அதற்கு மேலே மூன்று அணைகள் எழுந்தன. வசந்த வெள்ளம் நின்றுபோனதால் கணவாயின் அடியில் மண் தேங்கி, புதரும் மரமும் படுகைக்குள் இறங்கின. அரசு 2001இல் தன் உரிமையின் அளவைத் தீர்மானிக்கக் கோரி விண்ணப்பித்தபோது எதிர்ப்பு மனுக்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. 2003இல் கூட்டாட்சி அரசு மாநிலத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்து, 1933ஆம் ஆண்டின் தேதியோடு குறைந்தபட்ச ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வெள்ள ஓட்டத்துக்கான மூத்த உரிமையை விட்டுக்கொடுத்தது. சூழலியல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2006இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. மீண்டும் பேச்சுவார்த்தை நடந்து, 2008 இறுதியில் தீர்ப்பாணை வந்தது. ஆண்டு முழுவதும் விநாடிக்குக் குறைந்தது 300 கனஅடி. அதோடு ஒவ்வொரு வசந்தத்திலும், அந்த ஆண்டு அணைக்கு வரும் என்று கணிக்கப்படும் நீருக்கு ஏற்ப ஒரு வெள்ள ஓட்டம். மழைவளம் மிகுந்த ஆண்டில் பெரியது, வறண்ட ஆண்டில் சிறியது. வறட்சியிலிருந்து மீளும் ஆண்டுகளுக்கும், கீழே டெல்டா நகரத்தின் வெள்ள அபாயத்துக்கும் விலக்குகள் உண்டு. தேதி 1933. எதிர்த்தவர்கள் மேசைக்கு வந்ததற்கு நல்லெண்ணமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 1933 என்ற தேதி இல்லாதிருந்தால் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. 1996இல் ஜயான் பூங்காவுக்காக யூட்டா மாநிலத்தோடு எட்டப்பட்ட உடன்பாடும், 1979இல் மொன்டானா இதற்கென்றே அமைத்த ஒப்பந்த ஆணையத்தின் வேலையும் இதே வழியில் சென்றவை.

மூன்றாவது எதிர்ப்பு, எழுதப்படாத பழைய உரிமைகள் பதிவேட்டுக்கு வெளியே திடீரென்று எழுந்தால் விவசாயியின் முதலீடு என்னாவது என்பது. நியாயமான அச்சம்தான். ஆனால் அதற்குப் பரிகாரம் உரிமையை மறுப்பதல்ல, அளவிட்டுப் பதிவது. 1952ஆம் ஆண்டின் மக்காரன் திருத்தம் கூட்டாட்சி அரசை மாநில நீதிமன்றங்களின் படுகை வழக்குகளுக்குக் கட்டுப்படுத்திய பிறகு, இந்த உரிமைகளும் மற்றவற்றோடு ஒரே பட்டியலில் பதிவாகின்றன. மேற்கின் பெரும் பாசன உரிமைகள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பூங்காக்களில் பலவற்றின் தேதி அதற்குப் பிந்தியது. ஆகவே பாதிக்கப்படுவது பெரும்பாலும் இனி வரவிருக்கும் திட்டங்களே. விதிவிலக்குகளும் உண்டு. நதியின் கீழ்ப்பகுதியில், எல்லா நீரும் பங்கிடப்பட்ட பிறகு ஒதுக்கப்பட்ட சரணாலயத்துக்கு நீர் வேண்டுமானால், யாரோ ஒருவர் நீரைத் துறந்தே ஆக வேண்டும். அங்கே சட்டக் கோட்பாட்டைச் சாட்டையாக வீசுவதைவிட, பொதுப்பணத்தில் மூத்த உரிமைகளை விலைக்கோ குத்தகைக்கோ வாங்குவதே நேர்மையான வழி. பொது நன்மையின் செலவைத் தனிக் குடும்பங்களின் தலையில் கட்டக் கூடாது.

கடைசியாக ஓர் அறிவியல் ஐயம் இருக்கிறது. பருவநிலை மாறிவரும் காலத்தில் அளவை எழுதிப் பூட்டுவது தகுமா? கொலராடோ நதியின் ஓட்டம் இந்த நூற்றாண்டில், சென்ற நூற்றாண்டின் சராசரியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது; பனி முன்னதாக உருகுகிறது. ஆனால் அளவு என்றால் ஒற்றை எண் என்று கொள்ளத் தேவையில்லை. ஓடைக்குத் தேவையான நீரைக் கணிக்க 1976இல் டெனன்ட் என்ற ஆய்வாளர் முன்வைத்த முறை, சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் உயிர் தப்பப் போதும், 30 சதவீதம் நல்ல வாழிடம் தரும் என்று சதவீதங்களில் பேசியது. 1990களில் ஆற்றியலாளர்கள் இன்னும் தெளிவாக, ஆற்றின் ஏற்ற இறக்கமே ஆற்றின் உயிர், குறைந்தபட்சம் என்ற ஒற்றைக் கோடு போதாது என்று காட்டினார்கள். கன்னிசனின் சூத்திரம் அந்த அறிவைச் சட்டமாக்கியிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் அளவு, மாறாத தேதி. நதி கேட்பது இதுவே.

ஆகவே காங்கிரஸ் இனி ஒரு பூங்காவையோ வனாந்தரத்தையோ அறிவிக்கும்போது நீரைப் பற்றி மழுப்பக் கூடாது. எந்த நோக்கத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து, எந்த விதிப்படி என்று எழுத வேண்டும். ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட நிலங்களில், கூட்டாட்சி நிர்வாகம் தன் பழைய உரிமைகளைச் சலுகையாக விட்டுக்கொடுக்காமல், அளவிட்டு மாநிலப் பதிவேட்டில் ஏற்றி, அந்த வலிமையோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும். மாநிலத் திட்டங்கள் இதற்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. மேற்கின் நீர்ச் சட்டம், வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்பதைத் தவிர வேறு எதையும் பெரிதாகக் கருதாத சட்டம். அந்தச் சட்டத்தை மாற்றும் காலம் வரும்வரை, நதியை அந்த வரிசையில் உரிய இடத்தில் நிறுத்துவது அந்த நிலங்களைப் பொதுச் சொத்தாக வைத்திருக்கும் அரசின் கடமை.